மலாக்கா மாணவர்களின் பேச்சுத்திறன்: தமிழ்ப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் நடுவே

தமிழ்நாட்டுப் பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே பள்ளியில், ஒரே மொழிச் சூழலில் படித்து முடிக்கிறது. மலேசியாவில் அந்த வயது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஆண்டு 6 வரை தமிழ்ப்பள்ளி. பெரும்பாலோருக்கு அடுத்தது படிவம் 1, மலாய்மொழி வழி தேசிய இடைநிலைப்பள்ளி. நேற்றுவரை வகுப்பில் தமிழில் சந்தேகம் கேட்ட பிள்ளை இன்று வரலாற்றையும் புவியியலையும் மலாயில் கேட்டு, மலாயிலேயே எழுந்து நின்று விடை சொல்ல வேண்டும். தமிழ் அதற்கு வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிவிடுகிறது.

பேச்சு முதிர்கிற வயதும் இதுதான். பத்து வயதுப் பிள்ளை நடந்ததைச் சொல்லும். பதினான்கு வயதுப் பிள்ளை ஏன் நடந்தது என்று சொல்லவும், அடுத்தவர் சொன்னதை மறுக்கவும், மறுத்த பிறகும் நட்போடு இருக்கவும் பழக வேண்டும். மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தைப் பள்ளி எந்த அளவுக்குத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வரலாறு, பாடத்திட்டம், வகுப்பறை நடப்பு, உலக ஆய்வுகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மேடையில் பேச நம்மிடம் நல்ல பயிற்சி இருக்கிறது. அது சிலருக்கே கிடைக்கிறது. எல்லாருக்கும் வேண்டிய உரையாடல் பயிற்சி இன்னும் பாடமாகவில்லை.

பேச்சால் பிழைத்த ஊர்

1512 முதல் 1515 வரையிலான காலத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியர் டோமே பிரெஸ், மலாக்கா துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறிக்கிறார். அந்த மொழிகளுக்கு நடுவே தமிழ் வணிகர்களின் மொழியாக நின்றது. மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். தமிழ் முஸ்லிம் மரபும் கலந்த குடும்பத்தவர். தம் வாழ்க்கை வரலாற்று நூலான ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் ஒரு செய்தி சொல்கிறார். மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம்; தந்தை தம்மையும் அதற்காக ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார் என்கிறார். கணக்கு வழக்குக்கும், ஊரில் நிறைந்திருந்த இந்திய வணிகர்களோடு பேசிப் பழகவும் தமிழ் தேவைப்பட்டதாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் தமிழ், பேசிப் பயன்படுத்துவதற்காகவே கற்பிக்கப்பட்டது.

இதன் மறுபக்கமும் மலாக்காவிலேயே இருக்கிறது. சுல்தானகக் காலத்தில் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் காஜா பெராங் பகுதியில் கம்போங் செட்டியில் வாழ்கிறார்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. பொங்கலும் அம்மன் திருவிழாவும் குறைவின்றி நடக்கின்றன. வீட்டில் பேசும் மொழி மட்டும் பல தலைமுறைகளுக்கு முன்பே மலாயாகிவிட்டது. சமயம், சடங்கு, உணவு, குடும்பப் பெயர் எல்லாம் நிலைத்தும் பேச்சு கைவிட்டுப் போகலாம் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று தேட வேண்டியதில்லை. அன்றாட உரையாடலில் புழங்காத மொழியைக் கோயில் திருவிழா மட்டும் காப்பாற்றிவிடாது.

தோட்டம் தந்த தமிழ்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. 1896-இல் மலாக்காச் சீன வணிகர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ரப்பரோடு தமிழ்த் தொழிலாளர்களும், அவர்களோடு தோட்டப்பள்ளிகளும் வந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அது ஒற்றை ஆசிரியர் கொட்டகையாகவே இருந்தது. எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். துரை, கிராணி, கங்காணி என்று அடுக்கப்பட்ட உலகில் தொழிலாளியின் பிள்ளை கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆனால் பள்ளிக்கு வெளியே, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயம் முழுவதும் தமிழ் பேசியது. திண்ணைப் பேச்சு, கோயில் கூத்து, தொழிற்சங்கக் கூட்டம், பிறகு வானொலி என்று பிள்ளையின் காது நாள் முழுவதும் தமிழ் கேட்டது. 1950-களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் தொடங்கிய மாணவர் மணிமன்றமும், 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாளும் தோட்டத்துப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்தன. இன்றைய மலேசியத் தமிழ் மேடைப் பேச்சின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா பட்டணம் என்று மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. 1957-இல் நாடு முழுவதும் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்குச் சற்றுக் குறைவு. மலாக்காவில் 21. பட்டணத்துக் குபு பள்ளி, பாயா ரும்புட், அலோர் காஜா, மெர்லிமாவ் என ஒரு பக்கமும், கெமுனிங், காடேக், தெபோங் போன்ற தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் மறுபக்கமும் இருக்கின்றன. மாநிலத்தின் ஏறத்தாழ பத்து லட்சம் மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார். லயம் தானாகவே கொடுத்த பேச்சுப் பயிற்சியை இனிப் பள்ளிதான் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும்.

ஏட்டில் முதல் இடம்

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. 2011-இல் வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமும், 2017-இல் படிவம் 1-இல் தொடங்கிய இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டமும் கேட்டலையும் பேச்சையும் வாசிப்பு, எழுத்து ஆகியவற்றுக்கு முன்னால் வைக்கின்றன. வகுப்புசார் மதிப்பீட்டில் பேச்சுக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை இருக்கிறது.

நடைமுறையை நெடுங்காலம் தேர்வுதான் தீர்மானித்தது. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வின் தமிழ்த்தாள்கள் கருத்துணர்தலும் எழுத்தும். கேள்வித்தாளில் வராத பேச்சுக்கு ஆறாம் ஆண்டில் நேரம் ஒதுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் துணிவு வராது. 2021-இல் யூபிஎஸ்ஆரும், 2022-இல் மூன்றாம் படிவத்து பிடி3 தேர்வும் நீக்கப்பட்டன. பேச்சுக்கு இடம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் பயிற்சிப் புத்தகத்தை நிரப்பும் பழக்கம் தேர்வோடு சேர்ந்து போய்விடவில்லை. தவணை முடியும் நேரத்தில், பிள்ளை எப்போதோ வகுப்பில் பேசியதை நினைவில் வைத்து ஆசிரியர் அடைவுநிலை 4 என்றோ 5 என்றோ குறிக்க வேண்டியிருக்கிறது. கலகலப்பான பிள்ளைக்கு 5, வாய் திறக்காத பிள்ளைக்கு 3. இது மதிப்பீடு ஆகாது. பிள்ளையின் சுபாவத்தைப் பதிவு செய்வது.

ஆங்கிலத்தில் நிலைமை வேறு. ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் 2021 முதல் ஆங்கிலப் பாடத்தில் பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனித்தனித் தாள்கள் உண்டு. அதனால் மேல்படிவங்களில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கிறது. எந்தத் திறனுக்கு மதிப்பெண் உண்டோ அதற்கே நேரமும் உண்டு என்ற பழைய உண்மை மறுபடியும் தெரிகிறது.

மணிக்காப்பாளர் அவர்களே!

தமிழ்ப்பள்ளியில் பேச்சு என்றதும் நினைவுக்கு வருவது போட்டி. பள்ளி அளவில் தொடங்கி மாவட்டம், மாநிலம், தேசியம் என்று ஏறும் செந்தமிழ் விழா, திருக்குறள் மனனப் போட்டி, கதை கூறும் போட்டி, இடைநிலைப்பள்ளியில் சொற்போர் என வாய்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. போட்டி நாளில் நிகழ்வதை மலேசியத் தமிழர் எல்லாரும் அறிவோம். சீருடையில் வந்து நிற்கும் பிள்ளை, அவைத்தலைவருக்கும் நீதி வழுவாத நீதிபதிகளுக்கும் மணிக்காப்பாளருக்கும் வணக்கம் சொல்கிறது. குரல் ஏறுகிறது, கை உயர்கிறது, அடுக்குமொழி விழுகிறது. முதல் மணி அடித்ததும் வேகம் கூடுகிறது. நன்றி, வணக்கம்.

இந்த மரபுக்குப் பெருமை உண்டு. மேடைக் கூச்சம் போகிறது, ழகர ளகர வேறுபாடு நாக்கில் ஏறுகிறது, பெற்றோர் முகம் மலர்கிறது. ஆனால் உரையை எழுதியவர் பெரும்பாலும் ஆசிரியர். பிள்ளை அதை மனனம் செய்கிறது. முப்பது பேர் வகுப்பிலிருந்து ஒருவர் அல்லது இருவர் போகிறார்கள், ஆண்டுதோறும் அதே பிள்ளைகள். பரிசு வாங்கிய பிள்ளையிடம், உரையில் சொன்ன அந்தக் கருத்து ஏன் சரி என்று நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

பிரிட்டனின் கல்வியாளர் டக்ளஸ் பார்ன்ஸ் 1976-இல் வகுப்பறைப் பேச்சை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, முடிந்த கருத்தை அவைக்கு எடுத்து வைக்கும் பேச்சு. மற்றது, கருத்து உருவாகும்போதே வாய்விட்டுத் தேடும் பேச்சு. இரண்டாவதில் தயக்கம் இருக்கும், பாதி வாக்கியம் இருக்கும், “அது வந்து… இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா” என்ற திருத்தம் இருக்கும். சிந்தனை நடப்பது இங்கேதான். நம் பள்ளிகள் முதல் வகையில் தேர்ந்தவை. இரண்டாவது வகையைச் சத்தம் என்று நினைத்து அடக்கிவிடுகிறோம்.

யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்?

அமெரிக்காவின் நெட் பிளாண்டர்ஸ் வகுப்பறைகளைக் கவனித்து ஒரு விதி சொன்னார். பாடநேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பேச்சு. அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. இதை நம் வகுப்புக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒரு மணிநேரப் பாடத்தில் 40 நிமிடம் பேச்சு என்றால், ஆசிரியருக்கு ஏறத்தாழ 27 நிமிடம். மீதி 13 நிமிடத்தை 30 பிள்ளைகள் பங்கு போட்டால் ஆளுக்கு அரை நிமிடம்கூட வராது. அதே வகுப்பில் பத்து நிமிடம் இருவர் இருவராகப் பேசவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. செலவில்லாத இந்த மாற்றம்தான் பேச்சுக் கல்வியின் முதல் படி.

இன்னோர் எளிய கண்டுபிடிப்பு அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வெளியிட்டது. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். மூன்று விநாடி காத்திருந்தால் விடைகள் நீள்கின்றன, மெதுவாக யோசிக்கும் பிள்ளைகளும் பேச வருகிறார்கள். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் “பால்மரத்தை ஏன் விடியற்காலையிலேயே சீவினார்கள்?” என்று ஆசிரியர் கேட்பதாக வைப்போம். முன்வரிசைப் பிள்ளை “வெயில் ஏறினா பால் நின்னுடும், டீச்சர்” என்று சொல்லும். “சரி, உட்கார்” என்றால் பேச்சு முடிந்தது. “ஏன் நிற்கிறது?” என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாய் மூடிக் காத்திருந்தால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். குளிர்ச்சியான நேரத்தில் மரத்தில் நீர் நிறைந்து அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடுகிறது என்ற அறிவியல் வரை வகுப்பு தானாகவே பேசிப் போக முடியும்.

பிரிட்டனில் கல்வி ஆய்வாளர் நீல் மெர்சரும் அவருடைய குழுவினரும் குழுப் பேச்சுக்கு விதிகளைப் பிள்ளைகளையே வகுக்கச் சொன்னார்கள். எல்லாரையும் பேச அழைக்க வேண்டும், கருத்துக்குக் காரணம் கேட்க வேண்டும், முடிவெடுக்கும் முன் ஒத்துப்போக முயல வேண்டும் என்பவை அவற்றில் சில. விதி இல்லாமல் குழுவாக உட்கார வைத்தால் ஒருவர் பேசுவார், மற்றவர் படம் வரைவார்.

இதில் தோட்டப்பள்ளிகளுக்கு ஒரு சாதகம் உண்டு. 150 பேருக்குக் குறைவான மாணவர் உள்ளவை குறைந்த மாணவர் பள்ளிகள் எனப்படுகின்றன. நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகை. எட்டுப் பேர், பத்துப் பேர் உள்ள வகுப்பைக் குறையாகவே பார்க்கிறோம். பேச்சுப் பயிற்சிக்கு அது வரம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையும் பேசலாம்.

எந்தத் தமிழில் பேசுவது?

பேச்சுப் பாடத்தில் ஆசிரியரைத் தடுமாற வைக்கும் கேள்வி இது. வீட்டில் “நேத்து பசாருக்குப் போனோம்” என்று சொல்லும் பிள்ளை வகுப்பில் “நேற்றுச் சந்தைக்குச் சென்றோம்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் வருமானால் பிள்ளை பேசாமல் இருப்பதே லாபம் என்று முடிவு கட்டிவிடும்.

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது. 2005-இல் அங்கே தமிழ்மொழிக் கலைத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொச்சையும் கலப்பும் இல்லாத, படித்தவர்கள் இயல்பாகப் பேசும் தமிழே அது. வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டுத் தேர்வாளரோடு உரையாடும் முறையும் பிறகு வந்தது. எழுத்துத் தமிழ் தளர்ந்துவிடும் என்ற அச்சம் அங்கேயும் எழுந்தது. ஆனால் வீட்டில் தமிழ் குறைந்துவரும் ஒரு தலைமுறைக்குப் பேசத் தெரிவதே முதல் தேவை என்று முடிவெடுத்தார்கள்.

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி இருப்பதால் அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆயினும் ஒரு பிரிவினை செய்துகொள்ளலாம். உரை நிகழ்த்தும்போதும் செய்தி வாசிக்கும்போதும் எழுத்துத் தமிழ். இருவர் பேச்சிலும் குழுப் பேச்சிலும் இயல்பான பேச்சுத் தமிழ். பிள்ளை பேசி முடித்த பிறகு, பொருளை மாற்றிவிடும் பிழை ஒன்றிரண்டை மட்டும் திருத்தினால் போதும். மின்னல் பண்பலை வானொலி அறிவிப்பாளர்கள் செய்தியில் ஒரு தமிழும் நேயர் அழைப்பில் ஒரு தமிழும் பேசுவதைப் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிறார்கள். இடத்துக்கேற்ற நடையைத் தேர்வதே திறன் என்பதை அந்த ஒலிபரப்பை வைத்தே விளக்கிவிடலாம்.

தாத்தாவைப் பேட்டி எடுக்கும் பாடம்

மலாக்காவுக்கு மிகவும் பொருந்தும் ஒரு பயிற்சி, தோட்ட வாழ்வு கண்ட முதியவரைப் பிள்ளைகள் பேட்டி காண்பது. ஐந்தாறு பாடவேளையில் செய்து முடிக்கலாம்.

முதலில் கேள்வி தயாரிப்பு. பிள்ளைகள் எழுதிவரும் கேள்விகள் பெரும்பாலும் “தோட்டத்தில் கஷ்டமா?” என்ற வகையில் இருக்கும். “ஆமாம்” என்ற ஒரு சொல்லில் விடை முடிந்துவிடும். அதையே “பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க, எழுந்ததும் என்ன செஞ்சீங்க?” என்று (பெரட்டு என்பது தோட்டத்து அதிகாலை ஆள்கணக்கெடுப்பு) மாற்றிக் கேட்கச் சொன்னால் பாட்டி பேசத் தொடங்கிவிடுவார். மங்கு, உளி, ஒட்டுப்பால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை என்று பிள்ளை கேட்டறியாத சொற்கள் வரிசையாக வரும். இரண்டாவது, தொடர்கேள்வி. “ஆயாக்கொட்டகைல யாரு பாத்துக்கிட்டாங்க?” என்று கேட்க, முன் விடையை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டல் பாடம் இங்கே தனியாக நடத்தத் தேவையில்லை. மூன்றாவது, கைப்பேசிப் பதிவைக் கேட்டு இரண்டு நிமிடத்தில் வகுப்புக்குச் சொல்வது. எழுதி வாசிக்கக் கூடாது. நான்கு குறிப்புச் சொற்கள் மட்டும் கையில் இருக்கலாம். கடைசியாக, கேட்டவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்பது.

அந்தப் பதிவுகளே மதிப்பீட்டுக்கும் ஆதாரமாகின்றன. தவணைத் தொடக்கத்தில் ஒன்று, இறுதியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பிள்ளை முன்னேறியதா என்று ஆசிரியரும் பெற்றோரும் காதால் கேட்டறியலாம். கூச்சமுள்ள பிள்ளையும் திக்குவாய் உள்ள பிள்ளையும் முதலில் ஒரே நண்பனிடம், பிறகு நால்வர் குழுவில், அதன்பிறகே வகுப்பு முன்னால் என்று படிப்படியாக வரலாம்.

படிவம் ஒன்றின் மௌனம்

தமிழ்ப்பள்ளியில் வாயாடி என்று பெயர் வாங்கிய பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மௌனமாவதைப் பெற்றோர் பலர் சொல்லக் கேட்கிறோம். மலாய் எழுதத் தெரியும். பேசினால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயம். இலக்கணப் பயிற்சி இதைத் தீர்க்காது. ஆண்டு 5, 6-இலேயே மலாயிலும் ஆங்கிலத்திலும் இதே இருவர் பேச்சு, பேட்டி, தொடர்கேள்விப் பயிற்சிகளை நடத்த வேண்டும். தமிழாசிரியரும் மலாய் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பயிற்சியை ஒரே வாரத்தில் வைத்தால் திறன் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மலாயில் தேவைப்படுவது சொற்கள் மட்டுமே. காரணம் சொல்லும் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு எந்த மொழியும் கைகொடுக்காது.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நிலைப்பது பெற்றோர் கையிலும் இருக்கிறது. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. பல பள்ளிகளில் அந்த வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகே நடக்கிறது. களைத்து வரும் பிள்ளைகளுக்கு அங்கேயும் இலக்கணப் பயிற்சியே காத்திருந்தால் அடுத்த ஆண்டு பதினைந்து பேர் சேரமாட்டார்கள். வாரத்தில் ஒரு பாடவேளையாவது வாதம், பேட்டி, கதை சொல்லல் என்று நடந்தால், மலாய்மொழிச் சூழலில் அடங்கிப்போன குரல் வெளிவர ஓர் இடம் கிடைக்கும்.

செய்ய வேண்டியது

2027 முதல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் வரும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. அதற்காகக் காத்திராமல் மலாக்காவின் 21 பள்ளிகளும் இப்போதே மூன்று காரியங்களைத் தொடங்கலாம். ஆண்டு 4 முதல் ஒவ்வொரு மொழிப்பாடத்திலும் நாளுக்குப் பத்து நிமிடம் இருவர் பேச்சு. தவணைக்கு இருமுறை ஒலிப்பதிவு, அதைக் கேட்ட பிறகே அடைவுநிலை. பேச்சுப் போட்டியில் மனனம் செய்த உரைக்குப் பிறகு நீதிபதி கேட்கும் இரண்டு கேள்விகள், அவற்றின் விடைக்குப் பாதி மதிப்பெண்.

மூன்றாவதை மாவட்ட அளவில் செய்துவிட்டால் முதல் இரண்டும் தாமாகவே வந்துவிடும். கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளைதான் வெல்லும் என்று தெரிந்தால் ஆசிரியர் உரை எழுதித் தருவதை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பேசவிடுவார். பரிசுக்காகவேனும் நம் பள்ளிகள் உரையாடலைக் கற்பிக்கத் தொடங்கட்டும். மேடை ஏறாத இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் வந்து சேரும்.